பானட் காற்றுத் திறப்புகள்

பானட் காற்றுத் திறப்புகள் என்பவை காரின் எஞ்சினை மூடியிருக்கும் பானட் தகட்டில் காற்று உள்ளே வரவும் வெளியே போகவும் அமைக்கப்படும் திறப்புகள் ஆகும். இவை இரு வகைப்படும். வெளிக்காற்றை உள்ளே வாங்கும் மேடான வாய் ஸ்கூப் எனப்படுகிறது. எஞ்சின் அறையில் தேங்கும் சூடான காற்றை வெளியே விடும் துளை வென்ட் எனப்படுகிறது. சில கார்களில் இவை தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டு வருகின்றன. கார் வாங்கிய பின் உரிமையாளர்கள் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்வதும் உண்டு. மோட்டார் பந்தயத்தில் நீண்ட ஈடுபாடு கொண்ட கோயம்புத்தூர், திருப்பூர் வட்டாரத்தில் வேகக் கார் ஆர்வலர்கள் விரும்பும் மாற்றங்களில் இதுவும் ஒன்று.

தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் ஸ்கூப்பும் வென்ட்டும் எதிரெதிரான வேலையைச் செய்கின்றன. பானட்டின் மேல் காற்றழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை. எனவே திறப்பு எவ்வளவு பெரியது என்பதைவிட அது எந்த இடத்தில் அமைகிறது என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கிறது. இடம் தவறினால், சூட்டை வெளியேற்ற வெட்டிய துளையே காற்றை உள்ளே தள்ளத் தொடங்கும்.

வரலாறு

1960களின் இறுதியில் அமெரிக்கக் கார் நிறுவனங்கள் ஸ்கூப்பைப் பரவலாக்கின. 1969ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் மாக் 1 காரில் கிடைத்த 'ஷேக்கர்' ஸ்கூப், பானட்டில் அல்லாமல் எஞ்சினின் மேலேயே பொருத்தப்பட்டு, பானட்டில் உள்ள துளை வழியாக வெளியே நீண்டிருந்தது. எஞ்சின் அதிரும்போது அதுவும் சேர்ந்து அதிர்ந்ததால் அப்பெயர் பெற்றது. ஷெவர்லே நிறுவனம் கமாரோ, ஷெவல் கார்களில் ஸ்கூப்பின் வாயைப் பின்புறம், அதாவது முன்கண்ணாடியை நோக்கித் திருப்பி வைத்தது. முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் மிகுதி என்பதே இதற்குக் காரணம்.

டர்போ எஞ்சின்கள் பெருகியபின் ஸ்கூப்புக்குப் புதிய வேலை வந்தது. டர்போ, காற்றை அழுத்தும்போது அது சூடாகிறது. அச்சூட்டைத் தணிக்கும் பகுதியே இன்டர்கூலர் ஆகும். சுபாரு இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ் காரில் இன்டர்கூலர் எஞ்சினின் மேல் படுக்கையாக இருப்பதால், அதற்குக் காற்றைக் கொண்டு சேர்க்கப் பானட்டில் ஸ்கூப் தேவைப்பட்டது. இந்தியச் சாலைகளில் இதே அமைப்பைப் பலர் கண்டிருப்பது 2009இல் அறிமுகமான டொயோட்டா ஃபார்ச்சூனர் 3.0 லிட்டர் டீசல் வண்டியில்தான். அதன் பானட்டில் உள்ள அகன்ற வாய்க்கு நேர் கீழே இன்டர்கூலர் உள்ளது. மாறாக, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் வரிசைக் கார்களின் பானட்டில் உள்ள துளைகள் முதன்மையாகச் சூட்டை வெளியேற்றுவதற்கானவை. அக்கார்களில் இன்டர்கூலர் முன் பம்பருக்குப் பின்னால் உள்ளது.

இன்று விற்பனையாகும் டர்போ பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றில் இன்டர்கூலர் முன்புறத்திலோ எஞ்சினோடு இணைந்து நீரால் குளிர்விக்கப்படும் வகையிலோ இருக்கிறது. அத்தகைய காரின் பானட்டில் பொருத்தும் ஸ்கூப்புக்குக் காற்றைக் கொண்டு சேர்க்க வேண்டிய இடம் என்று ஒன்று இல்லை.

பானட்டின் மேல் காற்றழுத்தம்

ஓடும் காரின் முன்முகத்தில் காற்று நேராக மோதி நிற்பதால் அங்கே அழுத்தம் மிகுதி. மூக்கைத் தாண்டிப் பானட்டின் முன்விளிம்பில் வளையும்போது காற்று வேகமெடுக்கிறது. அங்கே அழுத்தம் வெளிச்சூழலைவிடக் குறைகிறது. பானட்டின் நடுப்பகுதியில் அழுத்தம் மெல்ல மீள்கிறது. முன்கண்ணாடியின் அடியில் காற்று மீண்டும் தடைபட்டு அழுத்தம் உயர்கிறது. காரின் உள்ளறைக்கான காற்று வாங்கும் வழியைத் தயாரிப்பாளர்கள் முன்கண்ணாடியின் அடியில் வைப்பது இதனால்தான்.

இதிலிருந்து இரு முடிவுகள் கிடைக்கின்றன. வென்ட் பானட்டின் முன்பாதியில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் இருந்தால் சூடான காற்று தானாக உறிஞ்சப்பட்டு வெளியேறும். அதே வென்ட் முன்கண்ணாடிக்கு அருகில் இருந்தால் காற்று வெளியேறாமல் உள்ளே புகும். அங்கே சூடான காற்று வெளியேறினாலும், எண்ணெய் நெடியோடு உள்ளறைக்குள் இழுக்கப்படும்.

பானட்டின் பின்விளிம்பைக் கீலில் வாஷர்கள் வைத்து உயர்த்துவது செலவில்லாத வழியாகச் சிலரால் பின்பற்றப்படுகிறது. கார் நிற்கும்போது இவ்விடைவெளி வழியே சூடு மேலெழுந்து வெளியேறுவது உண்மையே. ஆனால் கார் வேகமெடுத்ததும் அது அழுத்தம் மிகுந்த இடமாகிவிடுகிறது. ரேடியேட்டரைக் கடந்து வர வேண்டிய காற்றுக்கு எதிராக இன்னொரு காற்று பின்புறமிருந்து நுழைகிறது. பானட்டின் கீலும் பூட்டும் வடிவமைக்கப்பட்ட கோணத்திலிருந்து விலகுவதும் இதன் குறையாகும்.

ஸ்கூப் எவ்வளவு சக்தி தரும்

வேகமாகச் செல்லும்போது ஸ்கூப் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளிச் சக்தியைக் கூட்டும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று முழுவதையும் தடுத்து நிறுத்தினாலும் கிடைக்கும் கூடுதல் அழுத்தம் ஏறத்தாழ 460 பாஸ்கல் மட்டுமே. வளிமண்டல அழுத்தம் சுமார் 1,01,300 பாஸ்கல். அதாவது கூடுதல் அழுத்தம் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்திலும் இது 2 விழுக்காட்டை எட்டுவதில்லை.

ஸ்கூப்பின் உண்மையான பயன் குளிர்ந்த காற்றைத் தருவதே. காற்று சூடாகும்போது அடர்த்தி குறைகிறது. 35 பாகை செல்சியஸ் வெளிக்காற்றுக்குப் பதில் 60 பாகை எஞ்சின் அறைக் காற்றை எஞ்சின் இழுத்தால், ஒரே கொள்ளளவில் கிடைக்கும் காற்றின் நிறை ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு குறைகிறது. ஆனால் பெரும்பாலான கார்களில் தயாரிப்பாளர் பொருத்திய காற்றுக்குழாய் ஏற்கெனவே முன் கிரில்லின் பின்னாலிருந்தே வெளிக்காற்றை எடுக்கிறது. அக்குழாயைக் கழற்றிவிட்டுத் திறந்த வகை வடிகட்டியை எஞ்சின் அறையின் நடுவில் பொருத்தியவர்களுக்கே ஸ்கூப் ஓரளவு உதவுகிறது. அதுவும் முன்பு இழந்ததைத் திரும்பப் பெறுவதே ஆகும்.

கொங்குப் பகுதியும் மோட்டார் பந்தயமும்

தமிழகத்தின் மேற்கு மாவட்டங்களில் நெசவுத் தொழிலும் மோட்டார் பந்தயமும் ஒரே குடும்பங்களில் வளர்ந்தவை. கோயம்புத்தூர் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த சு. கரிவர்தன், மாருதி எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்து 1988இல் குறைந்த செலவுப் பந்தயத்துக்கு வழிவகுத்தார். பின்னாளில் ஃபார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோயம்புத்தூரைச் சேர்ந்தவரே. கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியுள்ளது. 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தடத்தில் தேசிய அளவிலான பந்தயங்கள் நடைபெறுகின்றன. திருப்பூர் மாவட்டம் கேத்தனூர்ப் பகுதியில் காற்றாலைகளுக்கு இடையே ஓடும் மண்பாதைகள் ராலி போட்டிகளுக்குப் பயன்பட்டுள்ளன.

பந்தயத் தடத்தில் கார் முழு வேகத்தில் தொடர்ந்து ஓடுவதால் ரேடியேட்டருக்குள் நுழையும் காற்றுக்குக் குறைவில்லை. அது வெளியேறும் வழிதான் குறைவு. எனவே பந்தயக் கார்களில் வென்ட் பொருளுடையது. எஞ்சின் அறையில் தேங்கும் காற்று வெளியேறுவதால் காரின் முன்பகுதியை மேலே தூக்கும் விசையும் சற்றுக் குறைகிறது.

மலைப்பாதையில் நிலை வேறு. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். திம்பம் மலைப்பாதையில் 27. இவற்றில் எஞ்சின் கடுமையாக உழைக்கும், வேகமோ மணிக்கு 20 கிலோமீட்டரைச் சுற்றியே இருக்கும். அவ்வேகத்தில் எதிர்க்காற்று தரும் அழுத்தம் ஏறத்தாழ 18 பாஸ்கல் மட்டுமே. எனவே ஸ்கூப் அங்கே பயனற்றது. ரேடியேட்டர் விசிறியே காற்றை இழுக்கிறது. அவ்வாறு இழுக்கப்பட்ட சூடான காற்று மேல்நோக்கி எழுவதற்கு வென்ட் வழி தருகிறது. பந்தயத் தடம், மலைப்பாதை ஆகிய இரண்டிலும் பயன் தருவது சரியான இடத்தில் அமைந்த வென்ட்டே. ஆயினும் தோற்றத்துக்காக அதிகம் விரும்பப்படுவது ஸ்கூப்.

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

எஞ்சின் சூடேறும் ஒவ்வொரு காருக்கும் பானட் திறப்பு மருந்தாகாது. கூலன்ட் குறைவு, தெர்மோஸ்டாட் பழுது, விசிறி வேகக் குறைவு, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்வு ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. பின்னலாடை நிறுவனங்கள், நூற்பாலைகள் ஆகியவற்றின் அருகில் நாள்தோறும் நிற்கும் கார்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காற்றில் மிதக்கும் பஞ்சுத் துகள்கள் ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள குறுகிய சந்தில் படிந்து மெல்லிய கம்பளம்போல் ஆகக்கூடும். முன்னாலிருந்து பார்த்தால் இது தெரியாது. இரண்டையும் பிரித்து, பின்புறமிருந்து முன்புறமாக மென்மையாக நீர் பாய்ச்சிச் சுத்தம் செய்வதே இதற்குத் தீர்வு. பழுதை நீக்காமல் பானட்டை வெட்டினால், சூடு சற்றுத் தணிந்து பழுது மறைந்து, பின்னர் சிலிண்டர் ஹெட் கேஸ்கெட்டில் பெருஞ்செலவாக வெளிப்படலாம்.

அடுத்தது ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடைவெளிகள். கிரில் வழியாக வரும் காற்று ரேடியேட்டரைக் கடக்காமல் பக்கவாட்டில் நழுவினால் குளிர்ச்சி குறையும். சூடு தாங்கும் நுரைப்பட்டையால் அவ்விடைவெளிகளை அடைப்பது எளிய, மீட்கத்தக்க மாற்றம்.

இவற்றுக்குப் பின்னும் தேவை இருந்தால் இரு சோதனைகள் திறப்புக்கான இடத்தைக் காட்டும். முதலாவது நூல் சோதனை. திருப்பூரில் எளிதாகக் கிடைக்கும் மென்மையான நூலை விரல் நீளத் துண்டுகளாக்கி, பானட் முழுவதும் வரிசையாக ஒரு முனையை மட்டும் டேப்பால் ஒட்ட வேண்டும். கார் ஓடும்போது இன்னொரு காரிலிருந்து அதைப் படமெடுத்தால், நூல்கள் ஒரே திசையில் படிந்திருக்கும் இடமும் தாறுமாறாகத் துடிக்கும் இடமும் தெரியும். துடிக்கும் இடத்தில் காற்று தகட்டைவிட்டு விலகுகிறது. அங்கே ஸ்கூப் வைப்பதில் பயனில்லை.

இரண்டாவது அழுத்தச் சோதனை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் ஒளி ஊடுருவும் டியூபை 'ப' எழுத்து வடிவில் ஒரு பலகையில் பொருத்தி, நிறம் கலந்த நீரைப் பாதியளவு ஊற்றிக் காருக்குள் வைக்க வேண்டும். அதன் ஒரு முனையை எஞ்சின் அறைக்குள்ளும், மறு முனையைப் பானட்டின் மேற்பரப்பிலும் கொண்டு சேர்க்க வேண்டும். மேற்பரப்பில் உள்ள முனை காற்றை நேராக எதிர்கொள்ளாமல், தகட்டோடு ஒட்டிய தட்டையான வட்டின் சிறு துளையில் முடிய வேண்டும். காரைச் சீரான வேகத்தில் ஓட்டும்போது, மேற்பரப்போடு இணைந்த பக்கத்தில் நீர் உயர்ந்தால் அங்கே அழுத்தம் எஞ்சின் அறையைவிடக் குறைவு. அது வென்ட்டுக்கு ஏற்ற இடம். நீர் தாழ்ந்தால் அங்கே வெட்டப்படும் துளை காற்றை உள்ளே விடும். 460 பாஸ்கல் என்பது ஏறத்தாழ 47 மில்லிமீட்டர் நீர் உயரம். எனவே சில மில்லிமீட்டர் வேறுபாட்டையும் கண்ணாலேயே அறியலாம். அளவைப் படிப்பது ஓட்டுநர் அல்லாத ஒருவராக இருக்க வேண்டும். மூடிய பந்தயத் தடமே இதற்கு ஏற்ற இடம்.

பொருத்தும் முறை

பானட் என்பது ஒற்றைத் தகடு அன்று. மேலே மெல்லிய தகடும் அடியில் விலா எலும்புகள் போன்ற சட்டகமும் சேர்ந்தது அது. இச்சட்டகமே பானட்டுக்கு விறைப்பைத் தருகிறது. மோதலின்போது பானட் நடுவில் மடிந்து, முன்கண்ணாடியைத் துளைக்காமல் இருப்பதற்கான மடிப்பு இடங்களும் இதில்தான் உள்ளன. எனவே வெட்டும் பகுதி விலாக்களுக்கு இடையே அமைய வேண்டும். பூட்டு, கீல் ஆகியவற்றைச் சுற்றியுள்ள பகுதியைத் தொடக் கூடாது.

முதலில் அட்டையில் அளவு வெட்டிப் பானட்டின் மேலும் கீழும் ஒத்துப் பார்ப்பது வழக்கம். பின்னர் மறைப்பு டேப் ஒட்டி, மூலைகளில் வட்டத் துளையிட்டு, துளைகளுக்கு இடையே வெட்ட வேண்டும். மூலை வட்டமாக இல்லாமல் கூர்மையாக இருந்தால் அதிர்வில் அங்கிருந்து விரிசல் தொடங்கும். வெட்டிய விளிம்பை அரத்தால் மழுக்கி, துரு தடுக்கும் பிரைமர் அடித்த பின்னரே பெயின்ட் பூச வேண்டும். இரும்புத் தகட்டில் அலுமினிய வென்ட்டைப் பொருத்தும்போது இரண்டும் நேராகத் தொட்டால் ஈரத்தில் அரிப்பு ஏற்படும்; இடையே ரப்பர் அல்லது சீலன்ட் தேவை.

வென்ட்டின் முன்விளிம்பில் சிறிய செங்குத்து உதடு ஒன்று அமைத்தால் அதன் பின்னால் அழுத்தம் மேலும் குறைந்து காற்று எளிதாக வெளியேறும். ரேடியேட்டரின் பின்புறத்திலிருந்து வென்ட் வரை மூடிய வழி அமைப்பது இன்னும் பயன் தரும். பந்தயக் கார்களில் இவ்வழக்கம் உண்டு.

இரட்டைப் பக்க டேப்பால் பானட்டின் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் ஸ்கூப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. இவற்றுக்கு அடியில் துளை இல்லாததால் இவை வெறும் அலங்காரமே. வெயிலில் டேப்பின் பசை இளகி, வேகத்தில் பெயர்ந்து பின்னால் வரும் இருசக்கர வாகனத்தின் மேல் விழும் வாய்ப்பு உள்ளது.

மழையும் தூசியும்

திறப்பின் நேர் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே மழையின் பாதிப்பு அமையும். ஆல்டர்னேட்டர், இக்னிஷன் காயில், ஃபியூஸ் பெட்டி ஆகியவற்றுக்கு மேல் திறப்பு இருக்கக் கூடாது. டர்போவின் நேர் மேலே இருந்தால் கொதிக்கும் உலோகத்தின் மேல் மழைநீர் சொட்டும். திறப்பின் அடியில் சரிவான தட்டு வைத்து, நீரை ஒரு குழாய் வழியே தரைக்கு வடித்துவிடுவது பொதுவான தீர்வு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திறப்பை மூட ஒரு மூடி செய்து வைத்துக்கொள்வோரும் உண்டு. ஸ்கூப் நேரடியாக எஞ்சினுக்குக் காற்றுத் தருமானால் வடிகட்டியை முன்பைவிட அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.

பாதுகாப்பும் சட்டமும்

சாலையில் நடந்து செல்வோர் மேல் கார் மோதும்போது அவர்களின் தலை பானட்டின் மேல் அடிபடக்கூடும். பானட் தகடு உள்வாங்கி அடியைத் தணிக்கும் வகையில் வடிவமைக்கப்படுவது இதற்காகவே. பாதசாரிகள் பாதுகாப்புக்கான இந்தியத் தர வரையறை ஏ.ஐ.எஸ். 100 எனப்படுகிறது. கூரிய விளிம்புள்ள வென்ட்டும் கடினமான ஸ்கூப்பும் இப்பாதுகாப்பைக் குலைக்கின்றன. ஷிஃப்ட் முடிந்து பெருந்திரளான தொழிலாளர்கள் சாலையைக் கடக்கும் ஊர்களில் இது ஏட்டளவிலான கவலை அன்று. உயரமான ஸ்கூப் ஓட்டுநரின் பார்வையையும் மறைக்கும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 சனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இப்பிரிவைக் கண்டிப்பாகப் பொருள்கொண்டது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பதிவுச் சான்றிதழில் பானட்டுக்கெனத் தனிக் கட்டம் இல்லாவிட்டாலும், அதனால் மட்டும் இம்மாற்றம் அனுமதிக்கப்பட்டதாகிவிடாது. வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிவது நல்லது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத மாற்றம் இழப்பீட்டுக் கோரிக்கையின்போது தகராறாகலாம். தயாரிப்பாளர் உத்தரவாதம் எஞ்சியுள்ள காரில் அதுவும் பாதிக்கப்படக்கூடும்.

பந்தயத்துக்கு மட்டும் பயன்படும் கார்களுக்கு அந்தந்தப் போட்டிப் பிரிவின் தொழில்நுட்ப விதிகள் பொருந்தும். சில பிரிவுகள் தொழிற்சாலைப் பானட்டை மாற்றவே அனுமதிப்பதில்லை. ஒரே காரைச் சாலையிலும் தடத்திலும் ஓட்டுவோருக்குப் பழைய பானட்டை வெட்டாமல் பத்திரப்படுத்தி, வென்ட் அமைத்த இரண்டாவது பானட்டைத் தடத்துக்கு மட்டும் மாட்டுவது ஏற்ற வழியாகும். சோதனையில் கணித்த இடம் தவறிப்போனாலும் இதில் மூலப் பானட் கெடாமல் இருக்கும்.